“பாவம், அஞ்சு நிமிசம் பாப்பமே”: பட்ஜெட் விமான வேலைக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளைகுடாவில் ஒரு பட்ஜெட் விமான நிறுவனத்தில் ஒன்பது வருடம் தரைப்பணியில் இருந்துவிட்டு மட்டக்களப்புக்கு வந்தேன். இப்போது சனி, ஞாயிறுகளில் கல்லடியில் சின்னதாக ஒரு வகுப்பு நடத்துகிறேன். ஏறாவூர், களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று பல பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். போன வாரம் இரண்டு மேசையைப் போட்டு, அதுதான் போர்டிங் கேட் என்று வைத்துக்கொண்டு ஒத்திகை பார்த்தோம். கதவு மூடும் நேரம் வந்துவிட்டது, ஒரு பயணியைக் காணவில்லை. கேட்டில் நின்ற பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், பிறகு என் பக்கம் திரும்பி, “பாவம் சேர், இன்னும் அஞ்சு நிமிசம் பாப்பமே” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நான் சொன்னதும் இதே வார்த்தைதான்.

சப்பாத்தைத் துடை, நேரத்துக்குப் போ, சிரித்த முகத்தோடு நில் என்பதெல்லாம் இங்கே இல்லை. அவை உங்களுக்கே தெரியும்.

மலிவான டிக்கெட் என்பதால் மலிவான தொழில் என்று நினைப்பது

டிக்கெட் விலை குறைவதற்குக் காரணம் விமானம் பழையது என்பதோ, ஆட்கள் குறைவு என்பதோ மட்டும் அல்ல. சார்ஜாவில் 2003இல் பறக்கத் தொடங்கிய எயார் அரேபியா எயார்பஸ் ஏ320 குடும்பத்தை வைத்துத்தான் தொழிலைக் கட்டியது. 2009இல் வந்த ஃபிளை துபாய் போயிங் 737ஐ எடுத்துக்கொண்டது. ஒரே ரகம் என்றால் எந்த விமானியும் எந்த விமானத்தையும் ஓட்டலாம், உதிரிப்பாகம் ஒரே வகை போதும், பயிற்சியும் ஒன்றுதான். ஏ320இல் ஒரே வகுப்பாக இருக்கைகளை அடுக்கினால் 180 பேர் ஏறலாம். சாப்பாடு, பெட்டி, பிடித்த இருக்கை எல்லாம் தனிக் காசு.

இவ்வளவையும் தாங்கி நிற்பது நேரம். வந்து இறங்கிய விமானத்திலிருந்து ஆட்களை இறக்கி, கூட்டித் துடைத்து, எண்ணெய் ஊற்றி, மறுபடி ஆட்களை ஏற்றி அனுப்புவதை டேர்ன் அரவுண்ட் என்போம். குறுகிய தூரப் பறப்புகளில் அரை மணிக்குள் அதை முடிக்கப் பார்ப்பார்கள். நிலத்தில் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் குத்தகைக் காசு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஒருவருக்காகக் கதவைத் திறந்து வைப்பது

நம் ஊர் பஸ் ஒரு ஆளுக்காக நிற்கும். கல்முனை ஸ்டாண்டில் பஸ் நகர்ந்த பிறகும் யாராவது கையைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தால் கண்டக்டர் தட்டி நிறுத்துவார். அதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். காத்திருப்பது நமக்கு நல்ல பழக்கம். கேட்டில் நின்றபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

காலை 6.10க்குச் சென்னை விமானம். கேட் மூட வேண்டியது 5.55க்கு. எல்லோரும் ஏறிவிட்டார்கள், ஒரு வயதான அம்மாவைத் தவிர. இரண்டு தடவை பெயரை அறிவித்தோம். பாவம், இந்த வயதில் தனியாக வந்திருக்கிறார், வழி தவறியிருப்பார் என்று நினைத்தேன். 6.07 வரை, பன்னிரண்டு நிமிடம் நின்றேன். அப்புறம்தான் ரேம்ப்பில், அதாவது விமானம் நிற்கிற தளத்தில் இருந்தவர்களிடம், “அவவின் பெட்டியை இறக்குங்கள்” என்று சொன்னேன்.

இந்த இடம்தான் புதியவர்களுக்கு விளங்குவதே இல்லை. பெட்டியைக் கொடுத்துவிட்டு ஆள் ஏறாமல் போனால், அந்தப் பெட்டியை இறக்காமல் விமானம் போக முடியாது. அது பாதுகாப்பு விதி. எங்கள் விமானத்தில் பெட்டிகள் கொள்கலனில் வருவதில்லை, வயிற்றுப் பகுதியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். கூரை மிகத் தாழ்வு. ஒரு ஆள் முழங்காலில் தவழ்ந்து உள்ளே போய், டோர்ச் அடித்து, ஒவ்வொரு பெட்டியின் கைப்பிடியிலும் உள்ள துண்டைத் திருப்பித் திருப்பி இலக்கம் வாசிக்க வேண்டும். அன்றைக்குக் கிடைத்தது ஒரு நீலப் பெட்டி, கயிறு கட்டியது, அடுக்கின் கடைசியில். 24 நிமிடம் எடுத்தது. மணி 6.31.

நான் 5.45க்கே, அறிவிப்புப் போய்க்கொண்டிருக்கும்போதே, “பெட்டி எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்குங்கள்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் 6.09க்குப் பெட்டி கையில் இருந்திருக்கும். அந்த அம்மா இடையில் வந்தால் திரும்ப ஏற்றிவிடலாம். வராவிட்டால் நேரத்துக்குக் கதவை மூடலாம். காத்திருப்பதும் தேடுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டிய வேலை. நான் முதலில் காத்திருந்து, அது முடிந்த பிறகு தேடினேன். இத்தனை வருடம் கழித்தும் நினைக்கும்போது என்மேலேயே கோபம் வருகிறது.

அவர் 6.33க்கு வந்தார். கேட் மாறியது தெரியாமல் பழைய கேட்டின் முன்னால் கதிரையில் தூங்கிவிட்டாராம். அதற்குள் கதவு மூடியாகிவிட்டது. ஆக, நான் காத்திருந்தது அவருக்கும் உதவவில்லை.

காலை நெரிசலில் ஓடுபாதைக்கு வரிசை. 41 நிமிடத் தாமதம். சென்னையில் நேரம் தவறிப் போனதால் அங்கே இன்னும் கொஞ்சம். திரும்பி வந்த அதே விமானம்தான் மாலை கொழும்புக்குப் போக வேண்டியது. மாலையாகும்போது தாமதம் ஒரு மணி 40 நிமிடமாகிவிட்டது. கொழும்புக்குப் போய்த் திரும்புகிற விமானிகள் அதற்குள் வேலைக்கு வந்து காத்திருந்தார்கள். விமானிகளின் வேலை நேரத்துக்குச் சட்டப்படி வரம்பு உண்டு, அவர்கள் வந்து கையெழுத்திட்ட நேரத்திலிருந்து அது ஓடத் தொடங்கும். தலைமை விமானி கணக்குப் போட்டுப் பார்த்தார். திரும்பி வர நேரம் போதாது. பட்ஜெட் நிறுவனத்தில் கொழும்பில் இரவு தங்க அறையும் கிடையாது, மாற்றுக் குழுவும் கிடையாது. போய் உடனே திரும்புவதுதான் ஏற்பாடு, செலவு குறைவதும் அதனால்தான். விமானம் அடுத்த நாள் காலைக்குத் தள்ளிப்போனது.

என் வேலை நேரம் முடிந்திருந்தும் தமிழ் தெரியும் என்று என்னைத்தான் கவுண்டருக்கு அனுப்பினார்கள். வரிசையில் ஆறாவதாக நின்றவர் வெல்லாவெளிப் பக்கத்து ஆள். தாயின் செத்த வீட்டுக்குப் போகிறார். “தம்பி, நாளைக்கு விடிய அம்மாவ எடுத்துருவாங்கடா” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

தாமதத்துக்கு உலகம் முழுக்க ஒரே குறியீட்டு இலக்கங்கள் உண்டு. 93 என்றால் வர வேண்டிய விமானம் பிந்தி வந்தது. மாலை கொழும்பு விமானத்துக்கு 93 எழுதினார்கள். காலைச் சென்னை விமானத்துக்கு 15, அதாவது போர்டிங்கில் வந்த பிழை. இரண்டும் ஒரே பிழைதான் என்று அந்தத் தாளைப் பார்க்கிறவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

‘மூன்று கிலோதானே’ என்று விடுவது

விடாதீர்கள். பெட்டிக் காசு இந்தத் தொழிலின் உயிர். ஒருவருக்கு விட்டால் வரிசையில் பின்னால் நிற்கும் நாற்பது பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்காக முகத்தில் அடித்தாற்போலக் காசு கேட்கவும் வேண்டாம். நம் பெண்கள் இரண்டு வருட உழைப்பைப் போர்வை, பால்மா, சவர்க்காரம் என்று கட்டிக்கொண்டு வருகிறார்கள். வரிசையில் நிற்கும்போதே பெட்டியைத் தராசில் வைத்துக் காட்டுங்கள். “அக்கா, நாலு கிலோ கூட. அந்த ஓரத்தில் திறந்து கைப்பைக்கு எவ்வளவு மாற்றலாம் என்று பாருங்க” என்று சொல்லுங்கள். கவுண்டருக்கு வந்த பிறகு சொன்னால் அழுகைதான் வரும். முன்னாலேயே சொன்னால் பாதிப் பேருக்குக் காசே கட்ட வேண்டி வராது.

நல்ல மாதத்துச் சம்பளத்தை நம்பிக் கடன் எடுப்பது

விமானத்துக்குள் வேலை செய்யப் போகிறவர்களுக்கு இது. பல இடங்களில் அடிப்படைச் சம்பளம் கொஞ்சம்தான், மிச்சம் பறந்த மணிக்கணக்குக்கு. மணி ஓடத் தொடங்குவது நீங்கள் விமான நிலையத்துக்குப் போனபோது அல்ல, விமானத்தின் சில்லு உருளத் தொடங்கும்போது. கேட்டில் மூன்று மணி நேரம் தாமதமாக நின்றால் பெரும்பாலும் அதற்கு மணிக்கணக்கு இல்லை. ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். காத்தான்குடிப் பிள்ளை ஒருவன் அதிகம் பறந்த மாதத்துச் சம்பளத்தைக் காட்டி வாகனம் எடுத்தான். அடுத்த மாதம் பறப்பு பாதியாகக் குறைந்தது, தவணை குறையவில்லை.

காசு கட்டி வேலை வாங்குவது

கட்டாதீர்கள். ஏஜென்சி என்றால் முதலில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் உரிமத்தைச் சரிபாருங்கள்.

அட்டவணையை உள்ளூர் நேரம் என்று வாசிப்பது

விமானத் தொழிலில் பல தாள்கள் உலகப் பொது நேரத்தில் (UTC) வரும். அதில் 2200 என்று இருந்தால் துபாயில் அடுத்த நாள் அதிகாலை 2 மணி, மட்டக்களப்பில் 3.30. தாளில் எந்த நேரம் என்று முதல் நாளே கேளுங்கள். மலிவாக ஒரு மணிக்கூடு வாங்கி, அந்த நேரத்துக்கு வைத்து, இன்னொரு கையில் கட்டிக்கொள்ளுங்கள்.