டாக்கரில் வீட்டு செர்வர்: சறுக்கும் இடங்கள்

சிங்கப்பூரில் கண்டெய்னர் என்றதும் பாசிர் பாஞ்சாங் பக்கம் அடுக்கி வைத்திருக்கும் வண்ணப் பெட்டிகள்தான் நினைவுக்கு வரும். டாக்கர் என்பது செர்வர் மென்பொருள்களைத் தனித்தனிக் கண்டெய்னர்களில் அடைத்து ஓட்டும் கருவி. அந்தக் கண்டெய்னரும் இந்த ரகம் என்று நினைத்து, சரக்கை உள்ளேயே வைத்துவிட்டேன். வினை அங்கேதான் தொடங்கியது. டாக்கர் கண்டெய்னர் அழித்துவிட்டு மறுபடி உருவாக்குவதற்கென்றே உள்ளது. உள்ளே எழுதியதெல்லாம் அதோடு போய்விடும்.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு ஸ்டோர் ரூமில் கிடந்த மினி பிசியில், குடும்பப் படங்களுக்காக இம்மிச் என்ற ஃபோட்டோ ஆப் போட்டேன். எந்தெந்தக் கண்டெய்னர் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் கம்போஸ் கோப்பு என் கைவண்ணம். படங்களுக்கு வால்யூம் (கண்டெய்னர் அழிந்தாலும் நிலைக்கும் சேமிப்பிடம்) கொடுத்தேன், ஆல்பம், பெயர் விவரங்களை வைத்திருக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கு மறந்தேன். மூன்று வாரம் கழித்து அப்டேட் செய்ய கண்டெய்னர்களை நிறுத்தி அழிக்கும் 'டவுன்' கொடுத்து, மறுபடி உருவாக்கும் 'அப்' கொடுத்தால், "அட்மின் கணக்கு தொடங்குங்கள்" என்று புதுசாகக் கேட்கிறது! படங்கள் டிஸ்கில் பத்திரம். ஆல்பம், முகங்களுக்கு வைத்த பெயர், ஒன்றும் இல்லை.

நல்லவேளை, போஸ்ட்கிரெஸ் இமேஜ் (கண்டெய்னரை உருவாக்கும் அச்சு) தானாகவே ஒரு பெயரில்லா வால்யூமை ஒதுக்கிக்கொள்ளும். வால்யூம் பட்டியலைப் பார்த்தபோது, 64 எழுத்து நீளப் பெயரோடு பழையது அநாதையாகக் கிடந்தது. மீட்டுவிட்டேன். பதற்றத்தில், பயன்பாட்டில் இல்லாத வால்யூம்களை அழிக்கும் 'வால்யூம் ப்ரூன்' ஓட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும். பெயர் வைத்த வால்யூமும் 'டவுன்' கட்டளையோடு 'மைனஸ் வி' (-v) சேர்த்தால் அழிந்துவிடும், ஜாக்கிரதை.

அடுத்து, 'லேட்டஸ்ட்' என்ற டேக். இமேஜின் பதிப்பு எண்ணுக்குப் பதில் இதை எழுதினால், அப்டேட்டில் புதிய பதிப்பு தானாக வந்துவிடும். போஸ்ட்கிரெஸ் 16 எழுதிய டேட்டாவை 17 திறக்காது; கண்டெய்னர் எழுவதும் விழுவதுமாக இருக்கும். பதிப்பு எண்ணைக் கோப்பில் எழுதிவிடுங்கள். நெக்ஸ்ட்கிளவுட் (சொந்தக் கோப்புச் சேமிப்பு ஆப்) வைத்திருப்பவர்கள் பெரிய பதிப்புகளை ஒவ்வொன்றாகத்தான் ஏற வேண்டும், தாண்டிக் குதிக்க முடியாது.

எனக்கு மிகவும் பயம் தருவது போர்ட் (நெட்வொர்க் கதவு எண்) விஷயம். கம்போஸ் கோப்பில் '8080:80' என்று எழுதினால் செர்வரின் எல்லா முகவரியிலும் கதவு திறக்கிறது. யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருக்கிறேனே என்று நிம்மதியாக இருப்போம். டாக்கர் ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் நெட்வொர்க் விதிப் பட்டியல்) நேரடியாகத் தன் விதிகளை எழுதி ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். வீட்டில் ரவுட்டர் ஓரளவு காப்பாற்றும். வாடகை கிளவுட் செர்வரில் அந்தத் துணையும் இருக்காது. போர்ட் எண்ணுக்கு முன்னால் '127.0.0.1:' (செர்வர் தன்னையே குறிக்கும் முகவரி) சேர்த்து, வெளியுலகுக்கு ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸியை (வருபவர்களை உரிய ஆப்புக்கு அனுப்பும் வாசல்) மட்டும் திறந்து வையுங்கள்.

சின்னச் சின்னது சில. கண்டெய்னருக்குள் 'லோக்கல்ஹோஸ்ட்' என்றால் அந்தக் கண்டெய்னரே; டேட்டாபேஸை கம்போஸ் கோப்பில் உள்ள அதன் சர்வீஸ் பெயரால் கூப்பிட வேண்டும். நேர மண்டலம் சொல்லாவிட்டால் பெரும்பாலும் யூடிசிதான் (உலகப் பொது நேரம், நமக்கு 8 மணி நேரம் பின்னால்). விடிகாலை 3 மணிக்கு வைத்த பேக்கப் நமக்கு 11 மணிக்கு ஓடும். கம்போஸ் கோப்பில் போஸ்ட்கிரெஸ் பாஸ்வேர்டை மாற்றினால் மாறாது. காலி டேட்டாபேஸை முதன்முதலில் உருவாக்கும்போது மட்டுமே அதைப் படிக்கும். இதில் ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது எனக்கு.

சரி, பேக்கப். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுப்பது பேக்கப் ஆகாது. பாதி எழுதிய நிலையில் மாட்டும். 'பிஜி டம்ப்' (டேட்டாபேஸைக் கோப்பாக எழுதித் தரும் கட்டளை) எடுத்து வேறு டிஸ்கில் போடுங்கள். மாதம் ஒருமுறை அதை ஒரு காலிக் கண்டெய்னரில் ஏற்றி, தீபாவளிப் படத்தில் அம்மாவின் முகத்துக்குக் கீழே 'அம்மா' என்று வருகிறதா என்று பார்ப்பேன். அப்புறம்தான் அப்டேட்.