குதிரையின் உரோமம் பளபளக்கத் தீவனமும் தேய்ப்பும்

குதிரையின் உடல் வெயிலில் மின்ன வேண்டுமானால் ஒவ்வொரு முடியும் தோலோடு படிந்திருக்க வேண்டும். தோலில் ஊறும் எண்ணெய்ப்பசை முடியின் நுனி வரை மெல்லிய படலமாகப் பரவியிருக்க வேண்டும். அந்த முடியையும் எண்ணெயையும் தருவது தீவனம். எண்ணெயைப் பரப்புவது தேய்க்கும் கை. பளபளப்புக்கென்று விற்கப்படும் தெளிப்பான்களில் பெரும்பாலானவை முடியின் மேல் சிலிகானைப் பூசுகின்றன, அவ்வளவுதான். போட்டி நாளில் அவை பயன்படலாம். ஆனால் சேணம் அமரும் இடத்தில் தெளித்தால் சேணம் வழுக்கி, ஏறியிருப்பவர் விழ நேரும் என்பதால் அங்கு அதை அறவே தவிர்க்க வேண்டும்.

தீவனத்தில் முதலிடம் புல்லுக்கே. வளர்ந்த குதிரை நாளொன்றுக்குத் தன் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை உலர்நிலைக் கணக்கில், அதாவது ஈரத்தைக் கழித்த எடையில், புல் தின்ன வேண்டும். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு இது ஏறத்தாழ 7.5 முதல் 10 கிலோ வரை ஆகிறது. பசும்புல்லில் ஒமேகா-3 கொழுப்பு அமிலம் நிறைய உண்டு. அறுத்துக் காயவைக்கும்போது அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. மேய்ச்சலே இல்லாமல் உலர்புல்லை மட்டும் தின்று வாழும் குதிரைகளின் உரோமம் சொரசொரப்பாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தக் குறையை ஈடுகட்ட ஆளி விதையே என் முதல் தேர்வு. முழு விதையில் ஒரு பகுதி செரிக்காமல் சாணத்தோடு வெளியேறிவிடும் என்பதால், அவ்வப்போது தேவையான அளவை மட்டும் அரைத்து, நாளொன்றுக்கு 100 கிராம் அளவில் தீவனத்தில் கலந்து கொடுக்கலாம். அரைத்ததை நெடுநாள் வைத்திருந்தால் எண்ணெய் சிக்குப் பிடித்துக் கெட்டுவிடும். தாவர எண்ணெய் கொடுப்பவர்கள் ஒன்றிரண்டு தேக்கரண்டியில் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டுவது அவசியம். ஒரே நாளில் நிறைய ஊற்றினால் சாணம் இளகிப்போகும். எண்ணெய் கூடக்கூட வைட்டமின் ஈ தேவையும் கூடுகிறது. ஏற்கெனவே கொழுத்திருக்கும் குதிரைக்கு எண்ணெய் சேர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அந்த எடை குளம்பு அழற்சிக்கு வழிவகுக்கக்கூடும்.

கொழுப்பைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். செம்பையும் துத்தநாகத்தையும் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. முடிக்கு நிறம் தரும் மெலனினை உருவாக்கும் நொதி செம்பு இல்லாமல் இயங்காது. கருங்குதிரையின் உரோமம் துருவேறியதுபோலச் செம்பழுப்பாகத் தெரிந்தால் வெயிலை மட்டும் குறை சொல்லாமல், தீவனத்தில் இந்த இரண்டு தாதுக்களும் போதிய அளவில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். முடியே பெரும்பாலும் கெரட்டின் என்னும் புரதம் என்பதால், தரமான புரதமும் குறையக் கூடாது. செலீனியத்தை மட்டும் கண்மூடித்தனமாகச் சேர்க்கக் கூடாது. அது மிகுந்தால் பிடரியிலும் வாலிலும் முடி உதிர்ந்து, குளம்பு வெடிக்கும். தேவைக்கும் நஞ்சுக்கும் இடைவெளி சிறியது. ஒரே தாது இரண்டு மூன்று கலவைகள் வழியாகச் சேர்வது எளிதில் நிகழும் என்பதால், எல்லாக் கலவைகளின் உறைகளையும் பக்கத்தில் வைத்து, அவற்றில் எழுதியுள்ள அளவுகளை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். உப்புக்கட்டியும் சுத்தமான தண்ணீரும் எந்நேரமும் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

தேய்ப்பது உலர்ந்த உடலில்தான் தொடங்க வேண்டும். ரப்பர் தேய்ப்பானைக் கழுத்தில் வைத்து, சிறு வட்டங்களாகச் சுழற்றியபடி தோள், முதுகு, விலா, பின்தொடை என்று நகருங்கள். முதல் சில வட்டங்களிலேயே அடியில் இருந்த பொடுகும் தூசியும் சாம்பல் நிறக் கோடுகளாக முடியின் மேல் எழும்பி வருவதைக் காணலாம். அவை எழும்பும்வரை அடுத்த பிரஷை எடுக்கக் கூடாது. எலும்பு தோலோடு ஒட்டியிருக்கும் முகத்திலும் முழங்காலுக்குக் கீழேயும் இந்தத் தேய்ப்பானைப் பயன்படுத்தினால் குதிரைக்கு வலிக்கும். அடுத்து விறைப்பான பிரஷால், முடி படிந்த திசையிலேயே, ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் மணிக்கட்டைச் சுண்டி, எழும்பிய தூசியைத் தட்டிவிட வேண்டும். மூன்றாவதாக வருவது மென்மையான பிரஷ். பளபளப்பு பிறப்பது இதில்தான். கையை நீட்டி, உடலின் எடையைச் சற்றே சாய்த்து, நீண்ட இழுப்புகளாக இழுங்கள். மூன்று நான்கு இழுப்புக்கு ஒருமுறை பிரஷை உலோகச் சீப்பில் உரசிச் சுத்தம் செய்யுங்கள், இல்லாவிட்டால் எடுத்த அழுக்கையே திரும்பப் பூசுவீர்கள். முடிவில் சுத்தமான பருத்தித் துணியால் உடல் முழுவதும் துடைத்துவிட வேண்டும். வால் முடியை நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். அப்போது குதிரைக்கு நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். நாள்தோறும் அரைமணி நேரம் இப்படித் தேய்ப்பது, வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் தேய்ப்பதைவிடப் பலன் தரும்.

ஷாம்பு போட்டு அடிக்கடி குளிப்பாட்டினால் தோலின் எண்ணெய் கரைந்து போய்விடும். ஓட்டத்துக்குப் பின் வியர்வை காய்ந்து, வயிற்றுப்பட்டை இருந்த இடத்தில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தால் வெறும் தண்ணீரில் அலசி, நீரை வழித்தெடுத்து நிழலில் உலர்த்தினாலே போதும்.

தீவன மாற்றத்தின் பலனைச் சில வாரங்களிலேயே எதிர்பார்க்க வேண்டாம். பகற்பொழுது நீளும்போது பழைய முடி உதிர்ந்து புதிய முடி வளரும் பருவத்தில்தான் அது தெளிவாகத் தெரியும். இவ்வளவும் செய்தும் உரோமம் மங்கியே இருந்தால், குடற்புழுவுக்காகச் சாணப் பரிசோதனையும், மெல்ல முடியாமல் புல்லைச் சவைத்துத் துப்பும் குதிரைக்குப் பல் பரிசோதனையும் செய்ய வேண்டும். வட்ட வட்டமாக முடி உதிர்ந்தால் படர்தாமரையாக இருக்கக்கூடும். அந்தக் குதிரையின் பிரஷை மற்றொன்றின் மேல் வைக்காதீர்கள். வயது 15-ஐத் தாண்டிய குதிரை, கோடையிலும் நீண்டு சுருண்ட முடியை உதிர்க்காமல் வைத்திருந்தால் அது பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறாக இருக்க வாய்ப்பு மிகுதி. இரத்தப் பரிசோதனையில் அது உறுதியானால், கால்நடை மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையை வாழ்நாள் முழுவதும் கொடுத்துக் கட்டுக்குள் வைக்கலாம்.