ரேடியோ வேகத்தைப் பூட்டி வைக்காதீர்கள்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு கடைவீட்டு மொட்டை மாடி. எதிரே கடலைத் தாண்டி, பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் பக்கம் இன்னொரு கூரை. நடுவில் சுமார் 3 கிலோமீட்டர் தண்ணீர். இணையத்தை அக்கரைக்குக் கடத்த இரண்டு கூரையிலும் ரேடியோ வைத்து 5 கிகாஹெர்ட்ஸ் லிங்க் (கம்பியில்லா இணைப்பு) போட்டு, டேட்டா ரேட்டை, அதாவது அனுப்பும் வேகத்தை, 130 எம்பிபிஎஸ் என்று நிலையாக வைத்துவிட்டு இறங்கினேன். மதியம் பிரமாதமாக ஓடியது. சாயங்காலம் போன் வந்தது: "அண்ணே, நெட் விட்டு விட்டு வருது."

பார்த்தால் சிக்னல் 8 டெசிபல் (பலத்தை ஒப்பிடும் அளவு) இறங்கியிருக்கிறது. மழை இல்லை, டிஷ்ஷை யாரும் தொடவில்லை. கடல் மட்டம்தான் மாறியிருந்தது. தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் அலை நேராக வரும் அலையோடு சேரும்போது சில நேரம் பலம் கூட்டும், சில நேரம் குறைக்கும். நீர்மட்டம் மாறினால் அந்தக் கணக்கும் மாறும்.

கடலைக் குறை சொல்லிப் பயனில்லை. 130-க்கு 64 க்யூஏஎம் பண்பேற்றம் (அலையில் டேட்டாவை நெருக்கி ஏற்றும் முறை) வேண்டும். சிக்னல் இரைச்சலைவிடச் சுமார் 25 டெசிபலாவது மேலே நிற்க வேண்டும். ரேட்டை ஆட்டோவில் (தானியங்கி அமைப்பில்) விட்டிருந்தால் ரேடியோ தானாக ஒரு படி இறங்கிச் சமாளித்திருக்கும். அந்தப் படியை அடைத்தது நான்தான். ஆட்டோவிலேயே விடுங்கள். ரேட் மேலே போய்ப் போய் வழுக்குகிறது என்றால், மேல் வரம்பை மட்டும் ஒரு படி குறைத்து வையுங்கள்.

ரேடியோவின் தரவுத்தாளில் முதல் வரியை மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. குறைந்த ரேட்டில் மைனஸ் 96 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு; மைனஸ் எண் பெரிதானால் சிக்னல் பலவீனம்) வரை கேட்கும் ரேடியோவுக்கு, உச்ச ரேட்டில் மைனஸ் 75 போல வேண்டியிருக்கும். அலை சிதையாமல் இருக்க, உச்ச ரேட்டில் அனுப்பும் சக்தியையும் அதுவே குறைத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் அடி.

சேனல் அகலத்தை 20-லிருந்து 40 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினால் ரேட் இரட்டிப்பாகும், சரி. இரைச்சலும் 3 டெசிபல் கூடும். ஜார்ஜ்டவுன் மாதிரி அடுக்குமாடி நெருக்கத்தில் பக்கத்து வீட்டு வைஃபையும் சேர்ந்து உள்ளே வரும். நான் 20-இல்தான் தொடங்குவேன்.

ஒரே டவரில் பல வீடுகள் என்றால் விஷயமே வேறு. பாலிக் புலாவ் டுரியான் தோட்டத்தில் மரத்துக்குப் பின்னால் ஒரு வீடு 6.5 எம்பிபிஎஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தால், ஒரே அளவு டேட்டாவுக்கு 130-இல் இருக்கும் வீட்டைவிட 20 மடங்கு நேரம் காற்றைப் பிடித்துக்கொள்ளும். மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டும். அந்த வீட்டுக்குக் கையால் ரேட் ஏற்றிப் பயனில்லை. இலைக்கு மேலே கம்பத்தை உயர்த்துங்கள். நனைந்த இலை சிக்னலை இன்னும் குடிக்கும்.

130 என்பது காற்றில் ஓடும் வேகம். போக்கும் வரவும் ஒரே சேனலில் மாறி மாறி நடப்பதால் கைக்கு வருவது பாதி, சில சமயம் கொஞ்சம் அதிகம். வாடிக்கையாளரிடம் 130 என்று சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், சேனல் அகலத்தை மாற்றினால் முதலில் அக்கரை ரேடியோவை மாற்றுங்கள். இக்கரையை முதலில் மாற்றினால் லிங்க் அறுந்துவிடும், ஃபெர்ரி ஏறித்தான் போக வேண்டும். நான் போயிருக்கிறேன், ஏணியோடு.