வெள்ளவத்தைக் கற்களில் மறுபடியும் தூண்டில்

வெளிநாட்டிலிருந்து கொழும்புக்கு வரும் நம்மவர்களில் பலர் பெட்டி கட்டும்போதே தூண்டில் கம்பை எடுத்து வைக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் கம்புக்கு முன்னால் மாதத்தைப் பாருங்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறையை வைத்து யூலை, ஓகஸ்டில் வருவோர்தான் அதிகம். மேற்குக் கரையில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் காலம் அது. மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை கடல் கலங்கிக் கிடக்கும், அலை கல்லுக்கு மேலால் ஏறி விழும். கரையில் நின்று தூண்டில் போட டிசெம்பர் முதல் மார்ச் வரை வாருங்கள். யூலையில்தான் வர முடியுமென்றால் திருகோணமலைப் பக்கம் போங்கள். மேற்கு கொந்தளிக்கும்போது கிழக்குக் கடல் அடங்கியிருக்கும்.

மாதத்துக்கு அடுத்தது நேரம். விடியற்காலையில் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். நீங்கள் மேற்கே பார்த்து நிற்பதால் அது முதுகுப்புறமாக வரும். மதியத்துக்கு முன்னமே கடற்காற்று திரும்பி முகத்தில் அடிக்கத் தொடங்கிவிடும். ஃபிளை ஃபிஷிங் செய்பவருக்கு இதுதான் உயிர்நாடி. அதில் ஈயக்குண்டு கிடையாது. தடித்த நூலின் பாரம்தான் இறகால் கட்டிய பொய் இரையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எதிர்க்காற்றில் அந்த நூல் உங்கள் காலடியிலேயே சுருண்டு விழும். ஐந்தரைக்குக் கல்லில் நின்றால் எட்டரை மணிக்குள் அன்றைய வேலை முடிந்துவிடும்.

இங்கிலாந்துக் கரைகளில் பழகியவர்கள் வற்றுப் பெருக்கு அட்டவணையைத் தேடுவார்கள். கொழும்பில் பறுவம் (பௌர்ணமி), அமாவாசை நாட்களில்கூட வற்றுக்கும் பெருக்குக்கும் நீர்மட்ட வித்தியாசம் ஒரு மீற்றரை எட்டாது. இங்கே வெளிச்சமும் காற்றும்தான் மீனைக் கரைக்குக் கொண்டுவருகின்றன.

எத்தனை விலையான கம்பு கொண்டுவந்தாலும், முதல் நாள் அதைப் பையிலேயே விட்டுவிட்டு ஒரு கைத்தூண்டிலோடு போங்கள் என்பேன். தங்கூசியும் (நைலோன் நூல்) கொக்கியும் ஈயமும் புறக்கோட்டைக் கடைகளில் வாங்கலாம். இரைக்கு வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு பிடி இறால் போதும். ரயில் பாதைக்கு அப்பால் கொள்ளுப்பிட்டியிலிருந்து தெகிவளை வரை போட்டிருக்கும் கருங்கற்களில் காலையில் எப்போதும் யாராவது இருப்பார்கள். பாதிப்பேர் சிங்களவர்கள், "அய்யே" என்று கூப்பிட்டுப் பேச்சுக் கொடுத்தால் எந்தக் கல்லிடுக்கில் கொக்கி மாட்டும், எந்த இடத்தில் பாரை ஓடும் என்று தாங்களாகவே காட்டுவார்கள். பாரையை அவர்கள் பரா என்பார்கள், கொடுவாவை மோதா என்பார்கள். பல வருடம் விட்டுப்போன கை இழுப்பை அடையாளம் காண, விரலில் நேரே சுற்றிய நூலைவிட நல்ல வழியில்லை. விளைமீன் கொத்துவதற்கும் பாரை அள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குத் திரும்ப வந்த பிறகு கம்பை எடுங்கள்.

அந்தக் கற்களுக்குப் போவதில்தான் ஆபத்து இருக்கிறது. அங்கே இரட்டைத் தண்டவாளம்; அலைச் சத்தத்தில் ரயில் வருவது காதில் விழாது. கடவையால் மட்டும் கடவுங்கள், பாதை வழியே நடக்காதீர்கள். பாசி பிடித்த கல்லில் ரப்பர் செருப்போடு நிற்கவே கூடாது. பிடிமானமுள்ள சப்பாத்து வேண்டும். மார்ச், ஏப்ரல் பின்னேரங்களில் இடி முழங்கினால் காபன் கம்பைக் கீழே வைத்துவிட்டு உடனே கரையேறுங்கள். அது மின்னலுக்கு நல்ல கடத்தி.

மழைக்குப் பிறகு வெள்ளவத்தை, தெகிவளைக் கால்வாய்கள் கடலில் விழும் இடங்களில் மீன் கூடும். ஆனால் அது நகரத்துக் கழிவு கலந்த தண்ணீர், அங்கே பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுங்கள். முகத்துவாரத்தில் களனி கங்கை கடலோடு சேருமிடம் கொடுவாவுக்குப் பெயர்போனது. துறைமுகத்தை அண்டிய பகுதிகளில் மட்டும் கம்பையும் கமராவையும் வெளியே எடுக்காதீர்கள். காலிமுகத்திடலில் பட்டம் விடும் பிள்ளைகளுக்கு நடுவே ஈயம் கட்டிய நூலை வீசுவதை நான் ஒருபோதும் சரியென்று சொல்லமாட்டேன். அதன் வடபக்கத்தில் முன்பு கடலாக இருந்த இடத்தில் இப்போது 269 ஹெக்டேயர் துறைமுக நகரம் நிற்கிறது. சின்ன வயதில் பார்த்த கரையை நம்பி அங்கே போகவேண்டாம்.

ஃபிளை கம்புக்கு என் தெரிவு பொல்கொடை. மொறட்டுவைக்குப் பக்கத்து ஏரி, பாணந்துறையில் கடலோடு கலக்கிறது. படகிலிருந்து கண்டல் வேர் ஓரமாக இரையை வீசினால் கொடுவாவும் சின்னப் பாரையும் வரும். 8ஆம் எண் கம்பு (எந்தப் பாரமுள்ள நூலுக்கான கம்பு என்பதை அந்த எண் சொல்லும்), துருப்பிடிக்காத கொக்கியில் வெள்ளை இறகு கட்டிய சின்ன மீன் உருவம் போதும். இவை கொழும்பில் எளிதில் கிடைக்காது, வரும்போதே கொண்டுவாருங்கள். நான்காகக் கழலும் கம்பென்றால் பெட்டிக்குள் அடங்கும். கொக்கிகளை விமானத்துக்குள் எடுத்துச்செல்லும் கைப்பையில் வைக்காதீர்கள். பொல்கொடையில் முதலை உண்டு, தண்ணீருக்குள் இறங்கி நிற்கக்கூடாது. கடலிலும் கவனம் தேவை: 2022 ஜனவரியில் தெகிவளை - கல்கிசைக் கடலில் முதலை தாக்கி ஒருவர் இறந்தார்.

கனடா ஆறுகளில் பழகியவர்களுக்கு மலைநாட்டு டிரவுட் மீதும் ஆசை வரும். பிரித்தானியர் 19ஆம் நூற்றாண்டில் நுவரெலியா ஓடைகளில் விட்ட மீன் அது. டிரவுட் ஓடும் ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அங்கே நூலை நனைக்காதீர்கள்.

பேத்தை மீன் மாட்டினால் கையால் பிசையாமல் கொக்கியைக் கழற்றி விடுங்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது, யார் சொன்னாலும் சாப்பிடாதீர்கள். சுங்கான் என்ற கெளுத்தி வகை மீனின் முள் குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீருக்குள் கையை வைத்திருந்தால் வலி தணியும். வீக்கமோ மயக்கமோ வந்தால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

கரைவலை இழுக்கும் இடத்திலிருந்து தள்ளி நில்லுங்கள். அது அவர்களுடைய அன்றாடச் சோறு. அறுந்த தங்கூசியைக் கல்லில் விட்டுவராமல் சுருட்டிப் பைக்குள் போடுங்கள். ஆமையும் பறவையும் அதில் சிக்கிச் சாகின்றன. வீட்டுக்கு வந்ததும் றீலை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவையுங்கள். ஊருக்குத் திரும்பும்போது கைத்தூண்டிலை மட்டும் அக்காவின் மகனிடமோ பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமோ கொடுத்துவிட்டுப் போங்கள்.