இரண்டு கிங்ஸ்நேக் வாங்கியாச்சா? பெட்டியும் இரண்டு வேண்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டு கிங்ஸ்நேக்குகளை ஒரே பெட்டியில் நிரந்தரமாக வைக்கப் பாதுகாப்பான வழி கிடையாது. பலர் வீட்டில் வளர்க்கும் விஷமில்லாத அமெரிக்கப் பாம்பான கலிபோர்னியா கிங்ஸ்நேக், எலி, பல்லி, பறவை முட்டையோடு மற்றப் பாம்புகளையும் தின்னும். கிலுகிலுப்பைப் பாம்பின் (ராட்டில்ஸ்நேக்) விஷமே அதை எளிதில் வீழ்த்தாது. தன் இனம் என்றும் பார்க்காது.

"ரெண்டும் ஒரே சைஸ்தானே?" என்பார்கள். விழுங்கும்போது இரையின் உடலை அலை அலையாக மடித்து வயிற்றுக்குள் அடக்கிக்கொள்வதால், தன்னைவிட நீளமான பாம்பைக்கூட இதனால் தின்ன முடியும். சேர்ந்து சுருண்டு படுத்திருப்பதும் பாசம் இல்லை. சூடான இடம் ஒன்றுதான் இருக்கிறது, இரண்டுக்கும் அது வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: பெட்டி

வளர்ந்த பாம்பு மூன்று, நான்கு அடி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நான்கடி நீளம், இரண்டடி அகலத்தில் தனிப் பெட்டி. ஒரே டேங்கில் நடுவே தடுப்பு வைப்பது வேண்டாம்; இண்டு இடுக்கில் தலையை நுழைத்துத் தள்ளுவதில் இவை கெட்டிக்காரப் பாம்புகள். மூடிக்குப் பூட்டு கட்டாயம். ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவில், வளர்ப்பிலிருந்து வெளியேறிய கிங்ஸ்நேக்குகள் பெருகி, அந்தத் தீவுக்கே உரிய பல்லிகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருக்கின்றன.

படி 2: சூடு

ஒரு முனை 29–31 டிகிரி செல்சியஸ், மறுமுனை 22–24. ஹீட் மேட் (பெட்டியைச் சூடாக்கும் மின் விரிப்பு) என்றால் தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாமல் போடவே கூடாது. இரு முனையிலும் பாம்பு ஒளிந்துகொள்ள ஓர் இடம், ஒரு தண்ணீர்க் கிண்ணம், கீழே ஆஸ்பென் மரச்சீவல். சீடர் மரச்சீவல் ஆகாது, அதன் எண்ணெய் பாம்புக்குக் கெடுதல்.

படி 3: புதுப் பாம்பு

முதல் மூன்று மாதம் வேறு அறையில், காகித விரிப்பின் மேல் வைத்துக் கவனியுங்கள். உண்ணி இருந்தால் வெள்ளைக் காகிதத்தில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். தினமும் பழைய பாம்பின் வேலையை முடித்துவிட்டு, அப்புறம் புதியதிடம் போங்கள்.

படி 4: தீனி

உறைய வைத்த எலியை நன்றாக இளக்கி, இடுக்கியால் கொடுங்கள். பாம்பின் உடம்பு எவ்வளவு பருமனோ, எலியும் ஏறக்குறைய அவ்வளவு. ஒரு பாம்பைத் தொட்ட கையோடு அடுத்ததை எடுக்காதீர்கள். முதல் பாம்பின் வாசனை ஒட்டியிருப்பதால், அதன் மூக்குக்கு உங்கள் கையே இரை. சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

படி 5: சேர்ப்பது, அதாவது இனப்பெருக்கத்துக்கு மட்டும்

புதியவர்கள் முதல் ஓரிரு வருடம் இதைத் தள்ளிப்போடுவது நல்லது. செய்வதானால், குளிர்கால உறக்கம் முடிந்து, பெண் பாம்பு சட்டை உரித்த பிறகு. இரண்டும் வயிறு நிறையத் தின்று, செரித்திருக்க வேண்டும். அப்புறம் பெண்ணை ஆணின் பெட்டியில் விட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள். போன் பார்க்கப் போகாதீர்கள்.

ஆண், பெண்ணின் முதுகின் மேல் துடித்துத் துடித்து ஊர்வதும், கழுத்தைக் கவ்விப் பிடிப்பதும், வால்கள் பின்னிக்கொள்வதும் இணைசேர்தல்தான், பயப்பட வேண்டாம். தலையைக் கவ்வினாலோ, உடலைச் சுற்றி இறுக்கினாலோ அது வேட்டை. கையால் பிய்த்து இழுத்தால் பல் உடையும், தோல் கிழியும். கவ்விய வாயின் மேல் குழாயின் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டு, சுற்றை வால் பக்கத்திலிருந்து பிரியுங்கள். இணைசேர்ந்து முடித்ததும் உடனே தனித்தனிப் பெட்டி. இரவு முழுக்க விட்டு வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு, எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

முட்டையிட்டு ஏறக்குறைய இரண்டு மாதத்தில் குஞ்சுகள் வரும். அவற்றையும் அன்றே ஒவ்வொன்றாகச் சிறு டப்பாக்களில் பிரித்துவிடுங்கள். கூடப் பிறந்ததையும் தின்னும். காற்றுத் துளைகள் குஞ்சின் தலை நுழையாத அளவில் இருக்கட்டும். முதல் சட்டை உரிக்கும் வரை எலிக்குஞ்சு நீட்டித் தொந்தரவு செய்ய வேண்டாம், தண்ணீர் மட்டும் போதும்.