ஏற்காட்டில் ஜெட் மாற்றினேன், சேலத்தில் பிஸ்டன் பிடித்தது: பழைய ஆர்எக்ஸ் 100-ஐ மலைக்குத் தயார் செய்வது

என்னிடம் இருப்பது 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. 98 சிசி, டூ ஸ்ட்ரோக். இது ரோட்டுக்குச் செய்த வண்டிதான். பட்டன் டயர், அகலமான ஹேண்டில்பார், பின் ஸ்ப்ராக்கெட்டில் கூடுதலாக இரண்டு பல் எல்லாம் நான் போட்டுக்கொண்டவை. நாகலூர் பக்கம் மாமாவின் காப்பித் தோட்டம் இருக்கிறது, அங்குள்ள மண் பாதையில் ஓட்டத்தான் இத்தனையும். டேங்க் கழற்றுவது, பிளக் கழற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் காற்று கசிகிறதா என்று பாருங்கள்

வண்டி சரியாக ஓடவில்லை என்றால் எல்லோரும் கார்பரேட்டரில்தான் கை வைப்பார்கள். நானும் நான்கு முறை கழுவினேன், பலனில்லை. ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் உடனே இறங்காமல் தொங்கிக்கொண்டிருந்தால், எங்கோ காற்று உள்ளே போகிறது என்று சந்தேகப்படுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் கிராங்க் கேஸ் (என்ஜினின் அடிப்பெட்டி) வழியாகத்தான் போகின்றன. அதனால் கிராங்க் ஆயில் சீல் தேய்ந்தாலே கலவையில் காற்று கூடிவிடும்.

என்ஜின் ஐடிலில் ஓடும்போது இன்லெட் ரப்பர் மூட்டிலும் சிலிண்டர் அடியிலும் கார்பரேட்டர் கிளீனரை லேசாக அடியுங்கள். இடது பக்கம் மேக்னட் (கரண்ட் தயாரிக்கும் சுழல் சக்கரம்) மூடியைக் கழற்றிவிட்டு அங்கும் கொஞ்சம் அடியுங்கள். சத்தம் மாறினால் கசிவு அங்கேதான். சூடான சைலன்சர் மேல் பட்டால் தீப்பிடிக்கும், கவனம். வலது பக்க சீல் போயிருந்தால் கியர் ஆயில் உள்ளே உறிஞ்சப்படும்: வெள்ளைப் புகை வரும், கியர் ஆயில் காரணமில்லாமல் குறையும்.

மேக்னட்டைக் கழற்ற, அதை இழுத்து எடுக்கும் புல்லர் வாங்கிவிடுங்கள். சுத்தியலால் தட்டிக் கழற்றுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள், கிராங்க் கோணிவிடும். கவர் ஸ்க்ரூக்களுக்குச் சுத்தியலால் தட்டத் தட்டத் திருகும் இம்பாக்ட் டிரைவர்தான் சரி. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் தலையைத் தின்றுவிடும். என் டூல் பெட்டியில் எதை விற்றாலும் இந்த இரண்டை விற்கமாட்டேன்.

ஸ்பேர் எங்கே, எதை

இந்த வண்டியின் தயாரிப்பு 1996-லேயே நின்றுவிட்டது. ஆயில் சீல், ரிங், கனெக்டிங் ராட் பேரிங், பிஸ்டன் பின் லாக் இவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. கார்பரேட்டர் பாடி, ஹெட், ஹப், மேக்னட் கவர் போன்றவை பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. புது டூப்ளிகேட் கார்பரேட்டரைவிட, தேயாத பழைய மிக்குனி கம்பெனி பாடியில் புது ஜெட் (பெட்ரோல் வரும் அளவான ஓட்டையுள்ள சின்னத் திருகு) போட்டால் நன்றாக ஓடும். வாங்கும்போது ஸ்லைடை (ஆக்சிலேட்டர் கேபிள் தூக்கும் உருளை) உள்ளே விட்டு ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் வேண்டாம்.

சேலத்தில் நான் முதலில் போவது பழைய மெக்கானிக்குகளிடம்தான். கடையை மூடிவிட்ட ஒருவருடைய அலமாரியில் இருபது வருடத்துக்கு முந்தைய ஒரிஜினல் கேஸ்கெட் செட் கவர் பிரிக்காமல் கிடந்தது. அங்கே கிடைக்காவிட்டால் சென்னை ஜி.பி. ரோடு; பழைய பாகம் என்றால் புதுப்பேட்டை. எங்கே போனாலும் பழைய பாகத்தைக் கையில் சாம்பிளாகக் கொண்டு போங்கள். ‘ஆர்எக்ஸ்’ என்று மட்டும் கேட்டால் ஆர்எக்ஸ் 135-இன் பிஸ்டனை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதன் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 58 மில்லிமீட்டர், நம்முடையது 50. அப்புறம், பழைய கிராங்க் கேஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்படாதீர்கள். என்ஜின் நம்பர் அதில்தான் இருக்கிறது, ஆர்சி புத்தகத்தோடு ஒத்துப்போகாது.

போர் போடும்போது

பிஸ்டனை முதலில் வாங்குங்கள். அந்தப் பிஸ்டனையும் சிலிண்டரையும் சேர்த்து லேத்தில் கொடுங்கள், அதை அளந்துதான் போர் போட (துளையைக் கடைந்து பெரிதாக்க) வேண்டும். கால் மில்லிமீட்டரில் சரியாகிவிடும் என்றால் அரை மில்லிமீட்டருக்குத் தாவாதீர்கள். போர் போட்டதும் போர்ட் (சிலிண்டர் சுவரில் உள்ள வாயில்கள்) விளிம்புகளை லேசாக மழுக்கச் சொல்லுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் வேலையே செய்து பழகியவர்கள் இதை மறந்துவிடுவார்கள்; கூர்மையான விளிம்பு ரிங்கைப் பிடித்து உடைக்கும். மாட்டும்போது பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் வாய் பள்ளத்தில் இருக்கும் சின்ன முளையில் உட்கார வேண்டும்.

கார்பரேட்டர்: நான் விழுந்த குழி

சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு 1500 மீட்டர். மேலே காற்றின் அடர்த்தி சுமார் பத்து சதவீதம் குறைவு. ஜெட் வழியாக வரும் பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. அதனால் கீழே சரியாக இருந்த கலவை மேலே பெட்ரோல் கூடியதாகிவிடும். என் வண்டி தோட்டத்து ஏற்றத்தில் திக்கித் திணறியது, பிளக் கறுத்து ஈரமாக இருந்தது. அங்கேயே உட்கார்ந்து சின்ன மெயின் ஜெட் போட்டேன். வண்டி பறந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் அதே ஜெட்டோடு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அடிவாரம் வந்தேன். ஊருக்குள் எதுவும் தெரியவில்லை. ஓமலூர் ரோட்டில் முழு ஆக்சிலேட்டர் கொடுத்தேன். இரண்டு நிமிடம் இருக்கும், சத்தம் மெல்லிசாக மாறியது, பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்து, பின் சக்கரம் கிறீச்சென்று நின்றது. கிளட்ச்சைப் பிடித்ததால் கீழே விழவில்லை. சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தால் பிஸ்டனின் சைலன்சர் பக்கம் முழுக்கக் கோடு கோடாகக் கீறல். மலைக்காகக் குறைத்த பெட்ரோல் சமவெளியின் அடர்ந்த காற்றுக்குப் போதவில்லை.

ஆகவே வரிசை இதுதான். மெயின் ஜெட்டைச் சேலத்தில், என்ஜின் நன்றாகச் சூடான பிறகு பார்த்து வையுங்கள். வண்டியில்லாத நேரான ரோட்டில் முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி, ஆக்சிலேட்டரை விடாமலே என்ஜினை அணைத்து, அதே நேரம் கிளட்ச் பிடித்து நிறுத்திப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். உள்பீங்கான் காப்பிப் பொடி நிறத்தில் இருந்தால் சரி. வெள்ளையாக இருந்தால் உடனே பெரிய ஜெட் போடுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு அளவு பெரியதையே விடுங்கள். கொஞ்சம் புகை வரும், வரட்டும்.

மேலே போய் மெயின் ஜெட்டைத் தொடாதீர்கள். கார்பரேட்டர் ஸ்லைடில் தொங்கும் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினால் ஊசி இறங்கி, நடு ஆக்சிலேட்டரில் பெட்ரோல் குறையும். தோட்டத்து வேகத்துக்கு அது போதும். இறங்கும் முன் கிளிப்பைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். இதை மறந்துவிடக் கூடாது என்று கிளிப்பை மாற்றியதும் சாவியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவேன். ஏர் ஸ்க்ரூ ஐடிலுக்குத்தான்: உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும், வெளியே திருகினால் குறையும்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த ஒருவர், ஆயில் பம்ப் இருந்தும் இறக்கத்தில் பிஸ்டன் பிடித்துவிட்டதாக எழுதியிருந்தார். ஆயில் பம்ப் ஆக்சிலேட்டர் கேபிளோடு சேர்ந்தே இயங்குகிறது. ஆக்சிலேட்டரை மூடிவிட்டு என்ஜின் பிரேக்கிலேயே இறங்கினால், ஆர்பிஎம் அதிகம், ஆயில் குறைவு. வளைவுக்கு வளைவு ஒருமுறை லேசாக முறுக்கி விடுங்கள். பம்ப்பை எடுத்துவிட்டுப் பெட்ரோலிலேயே ஆயில் கலப்பவர்களுக்கும் இதே நிலைதான், ஏனென்றால் பெட்ரோல் வந்தால்தான் ஆயில் வரும். நான் லிட்டருக்கு 25 மில்லி டூ-டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் கலக்கிறேன். புது போர் என்றால் முதல் டேங்குக்கு 30.

இன்னொருவர் கேட்டது ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் பற்றி. எத்தனால் கலந்தால் கலவையில் காற்று கூடிய மாதிரி ஆகிவிடும். பழைய ஜெட்டோடு ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் மேலே சொன்ன பிளக் சோதனையை மறுபடி செய்யுங்கள். பழைய பெட்ரோல் டியூபும் கார்பரேட்டர் மிதவை ஊசியின் நுனி ரப்பரும் அதில் ஊதிப்போகும், புதிதாக மாற்றிவிடுங்கள். ஒரு மாதம் ஓட்டப்போவதில்லை என்றால் டேப்பை மூடி, கார்பரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திருகி உள்ளே இருப்பதை வடித்துவிடுங்கள்.