மீட்டர் முள் எழவில்லையா? பழைய லாரியில் ஸ்பீடோமீட்டர் பினியன் மாற்றும் முறை

எங்கள் வண்டி 1994 மாடல், ஆறு சக்கரம். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காயோ வைக்கோலோ ஏற்றிக்கொண்டு கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை வழியாகப் பாலக்காட்டுக்கு ஓடுகிறது. போன ஆடியில் ஒருநாள் 40-இல் நின்று துடித்துக்கொண்டிருந்த மீட்டர் முள், கொழிஞ்சாம்பாறை போய்ச் சேர்வதற்குள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. கிலோமீட்டர் எண்ணும் நகரவில்லை.

அப்பா, "முப்பது வருசமா எஞ்சின் சத்தத்தக் கேட்டுத்தான் ஓட்டறேன், மீட்டர் எதுக்குடா?" என்றார். அவருக்கு வேண்டாம், எனக்கு வேண்டும். டீசல் கணக்கு, ஆயில் மாற்றும் கணக்கு, வாடகைக் கணக்கு எல்லாமே அந்த எண்ணில்தான் இருக்கிறது. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எப்சி (தகுதிச் சான்று) வேறு. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-ஆவது விதியே ஸ்பீடோமீட்டருக்காக உள்ளதுதான். முள் எழாத வண்டியை எப்சிக்குக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை.

சரி செய்ய எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. வரிசை தெரிந்தால் ஒரே ஞாயிறு போதும். அந்த வரிசையைத்தான் எழுதுகிறேன். கியர்பாக்ஸிலிருந்து கேபிளில் ஓடும் மீட்டர் உள்ள பழைய வண்டிகளுக்குப் பொருந்தும். சென்சார் வைத்த புது வண்டிகளுக்குப் பொருந்தாது.

அடியில் படுப்பதற்கு முன்

முள்ளும் கிலோமீட்டர் எண்ணும் இரண்டுமே நின்றுவிட்டதா என்று முதலில் பாருங்கள். எண் ஓடுகிறது, முள் மட்டும் எழவில்லை என்றால் கோளாறு மீட்டருக்குள். முள் எழுகிறது, எண் மட்டும் ஓடவில்லை என்றாலும் மீட்டருக்குள்தான். இரண்டும் சேர்ந்து நின்றிருந்தால் கேபிளையும் கியர்பாக்ஸையும் பார்க்க வேண்டும். ஆனாலும் மீட்டரை விட்டுவிடாதீர்கள், கடைசியில் அங்கேதான் திரும்பி வருவோம்.

உள்ளே நடப்பது இதுதான். கியர்பாக்ஸின் பின்பக்க ஷாஃப்டில் திருகுமரை போல ஒரு வார்ம் கியர் இருக்கிறது. அதன்மேல் நைலான் பல் வைத்த சின்ன பினியன் ஒன்று ஓடுகிறது. பினியனின் சதுர ஓட்டைக்குள் கேபிளின் உள்கம்பி நுழைந்து, அந்தச் சுற்றலை மேலே மீட்டருக்குக் கொண்டுபோகிறது. மீட்டருக்குள் ஒரு காந்தம் சுற்றும், அதைச் சுற்றி ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கும். ஒன்றை ஒன்று தொடுவதில்லை. காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் எழும் சுழல் மின்னோட்டம் கிண்ணத்தை இழுக்க, ஒரு மெல்லிய ஸ்பிரிங் அதைத் தடுக்க, முள் நடுவில் ஓரிடத்தில் நிற்கிறது. ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்ஸ 1902-இல் காப்புரிமை வாங்கிய முறை. எங்கள் லாரியில் இன்றும் அதேதான். முள்ளுக்கும் கேபிளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதை நினைவில் வையுங்கள், பிறகு உதவும்.

வேண்டிய சாமான்கள்

ரிங் ஸ்பேனர் செட் ஒன்று. நான் டபரியா கம்பெனி செட்தான் வைத்திருக்கிறேன். மெலிந்த ஸ்பேனர் சின்ன போல்ட்டின் தலையை உருட்டிவிடும். அப்புறம் டார்ச், பழைய டூத் பிரஷ், டீசல், வேஸ்ட் துணி, ஒரு தட்டு, துரு இளக்கும் ஸ்பிரே. பழைய உள்கம்பியில் ஒரு சாண் நீளத்துக்குச் சதுர முனையோடு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கைவசம் இல்லையென்றால் காயலாங்கடையில் கேளுங்கள். இந்த வேலையில் அதைவிடப் பயனுள்ள கருவி இல்லை.

வண்டி சமதரையில் நிற்க வேண்டும். முன்சக்கரங்களுக்கும் ஒரு பக்கப் பின்சக்கரத்துக்கும் இரண்டு புறமும் கட்டை. மற்றப் பக்கப் பின்சக்கரத்தைத் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. கியர் நியூட்ரல். சக்கரம் கையால் சுற்ற வேண்டும் என்பதால் ஹேண்ட்பிரேக் போட முடியாது, கட்டை மட்டும்தான் காவல். இஞ்சினை ஓட்டிச் சோதிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். சக்கரத்தை ஓர் ஆள் கையால் சுற்றினால் போதும்.

எது போயிருக்கிறது?

மீட்டர் போர்டுக்குப் பின்னால் கேபிள் நட்டைக் கழற்றி உள்கம்பியை மேலே உருவுங்கள். பாதியில் அறுந்து வந்தால் கேபிள் போயிருக்கிறது. முழுதாக வந்தால் அதைத் தூக்கி எறியாமல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். கீழ்ப்பாதியில் கிரீஸ் இருக்கலாம். மேல்பாதி வரைக்கும் ஈரமாக, முகர்ந்தால் கியர் ஆயிலின் கந்தக வாடை அடித்தால் அதைக் குறித்துவையுங்கள். என் கேபிள் அப்படித்தான் இருந்தது. நான் அதைத் துடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன். இரண்டு ஞாயிறு போனது அந்தத் துடைப்பில்தான்.

அடுத்து கியர்பாக்ஸ் முனை. எங்கள் வண்டியில் மஞ்சித் (தேங்காய் நார்) தூளும் கசிந்த ஆயிலும் சேர்ந்து, காய்ந்த சாணி வறட்டி மாதிரி ஒரு விரற்கடைக் கனத்துக்குப் படிந்திருந்தது. பினியன் இருக்கும் இடமே தெரியவில்லை. டீசல் ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தமாக்குங்கள். இந்தக் குப்பை ஒரு துளி உள்ளே போனாலும் கியர்பாக்ஸுக்குக் கேடு. ஆகவே இதில் அவசரம் கூடாது.

நான் தவறிய இடம் இனிதான் வருகிறது. கேபிளைக் கழற்றிவிட்டு, ஆளைச் சக்கரம் சுற்றச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தேன். பினியன் அழகாகச் சுற்றியது. அப்படியானால் கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது, கேபிள்தான் போயிருக்கிறது என்று முடிவு கட்டிப் புதுக் கேபிள் வாங்கிப் போட்டேன். முள் 20 வரை எழுந்து விழுந்தது.

பினியன் சுற்றுவதைப் பார்ப்பது போதாது, பாரம் தாங்கிச் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். பல் பாதி தேய்ந்த பினியன், தடுக்க ஆளில்லாதபோது வார்ம் மேல் உரசிக்கொண்டே சுற்றும். கேபிளின் எடை வந்ததும் வழுக்கிவிடும். அதனால் அந்த ஒரு சாண் கம்பியைப் பினியன் ஓட்டைக்குள் செருகி, துணி வைத்து இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சக்கரத்தை மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். கம்பி உங்கள் விரலை மீறித் திரும்பினால் பினியன் நலம். விரலுக்குள் நின்றுவிட்டு, உள்ளே 'டிக்... டிக்...' என்று பல் தாண்டும் துடிப்பு தெரிந்தால் பல் போயிற்று. துடிப்பே இல்லாமல் சும்மா நின்றால் பினியனின் சதுர ஓட்டை வட்டமாகத் தேய்ந்திருக்கும், அல்லது வார்ம் கியரே ஷாஃப்டின் மேல் வழுக்கிக்கொண்டிருக்கும். பிளேயரால் மட்டும் பிடிக்காதீர்கள், நல்ல பினியனையும் உடைத்துவிடுவீர்கள்.

பினியனைக் கழற்றுவது

அடியில் தட்டை வையுங்கள், கொஞ்சம் ஆயில் வரும். பினியன் உட்கார்ந்திருக்கும் குழல்தான் ஸ்லீவ். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டையும் பூட்டுத் தகட்டையும் எடுங்கள். ஸ்லீவ் எந்தத் திசை பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று ஸ்லீவிலும் பாக்ஸிலும் சேர்த்து ஒரு கோடு கீறிவிடுங்கள். சில பாக்ஸ்களில் ஸ்லீவின் ஓட்டை நடுமையத்தில் இருக்காது. திருப்பி மாட்டினால் பினியன் வார்மை விட்டு விலகிவிடும், அல்லது அழுந்திக்கொள்ளும்.

ஸ்லீவைச் சுற்றியுள்ள பழைய ஓ ரிங் (ரப்பர் வளையம்) கெட்டியாகிப் பிடித்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினால் அலுமினியம் தெறிக்கும். ஸ்பிரே அடித்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து, முதலில் இடம் வலமாகத் திருப்புங்கள். திரும்ப ஆரம்பித்தால் தானாக வெளியே வரும்.

வந்த பினியனின் பற்களை எண்ணி எழுதிவைத்து, பினியனையும் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். ஒரே மாடலில்கூட பின் ஆக்சிலின் கிரவுன் பல்சக்கரம் மாறினால் பல் எண்ணிக்கை மாறும், பல் சாயும் பக்கமும் பார்க்க வேண்டும். உடைந்த நைலான் துண்டுகள் உள்ளே விழுந்திருந்தால் ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றுவதே நல்லது.

லேத்தில் பித்தளையிலோ இரும்பிலோ பினியன் கடைந்து தருகிறேன் என்று சொல்வார்கள், 'ஆயுசுக்கும் போகாது' என்பார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நைலான் போட்டிருப்பதே, மேலே ஏதாவது இறுகினால் அது முதலில் போகட்டும் என்றுதான். இரும்புப் பினியன் போட்டால் அடுத்து அறுபடுவது கேபிள், அல்லது தேய்வது வார்ம். வார்மை மாற்ற, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் புரப்பெல்லர் ஷாஃப்டை இறக்கிப் பின்பக்கத்தைப் பிரிக்க வேண்டும்.

அந்தச் சின்ன ஆயில் சீல்

பினியன் மாற்றினேன், முள் எழுந்தது, சந்தோஷப்பட்டேன். மூன்றே வாரத்தில் புதுப் பினியனும் பல் கழன்றது. அப்போதுதான் கொழிஞ்சாம்பாறை மேஸ்திரி ஒருவர், "பினியனக் கொன்னது யாருன்னு பாக்காம இன்னொரு பினியன் போடாதீங்க தம்பி" என்று சொல்லி மீட்டரைக் கழற்றச் சொன்னார்.

மீட்டரின் பின்பக்க ஓட்டையில் அந்த ஒரு சாண் கம்பியை வைத்து விரலால் உருட்டிப் பார்த்தேன். இறுகிக் கிடந்தது. இப்போது எனக்கு முழுச் சங்கிலியும் புரிந்தது. ஸ்லீவுக்குள் பினியன் தண்டைச் சுற்றி, சுண்டுவிரல் மோதிரம் அளவுக்கு ஓர் ஆயில் சீல் இருக்கிறது. அது தேய்ந்ததும் கியர் ஆயில் கேபிளுக்குள் நுழைகிறது. உள்கம்பி முறுக்குக் கம்பி அல்லவா, சுற்றச் சுற்ற ஆயிலைத் திருகி மேலே ஏற்றுகிறது. மீட்டரில் காந்தத்தின் தண்டைத் தாங்கும் புஷ்ஷில் போய்த் தூசியோடு சேர்ந்து பசையாக இறுகுகிறது. காந்தத்தின் தண்டு சுற்ற மறுக்கிறது. முள் கேபிளோடு ஒட்டாதது என்பதால் முள்ளால் பினியன் போகாது. இறுகிய தண்டுதான் பல்லைத் தின்கிறது.

ஆகவே பினியன் மாற்றும்போது சீலையும் ஓ ரிங்கையும் கட்டாயம் மாற்றுங்கள். சீலின் உதடு கியர்பாக்ஸ் பக்கம், அதாவது ஆயில் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். மாட்டுவதற்கு முன் உதட்டில் கொஞ்சம் கியர் ஆயில் தடவுங்கள். ஸ்லீவில் அனாபாண்ட் (கசிவு அடைக்கும் பசை) பூசும் பழக்கம் சிலருக்கு உண்டு. நல்ல ஓ ரிங் இருந்தால் தேவையே இல்லை. அடுத்த முறை கழற்றும்போது அதுதான் தொல்லை.

மீட்டர் புஷ்ஷைத் துடைத்துவிட்டுத் தையல் மெஷின் ஆயில் ஒரே ஒரு சொட்டு. விரலால் உருட்டினால் காற்றில் சுற்றுவதுபோல் சுற்ற வேண்டும். அப்போதும் இறுக்கமாக இருந்தால் மீட்டர் மட்டும் பார்க்கும் கடையில் கொடுங்கள். டயலின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் 'டபிள்யூ 1' அல்லது 'கே 1000' என்று இருக்கும். ஒரு கிலோமீட்டருக்குக் கேபிள் 1000 சுற்று என்று பொருள். நிமிடத்துக்கு 1000 சுற்று என்றால் முள் 60 காட்ட வேண்டும். பேட்டரி டிரில் இருந்தால் கம்பியை அதில் மாட்டிச் சுற்றிப் பாருங்கள். 500 சுற்று டிரில்லில் 30 அருகே நிற்கும். முள் எழவில்லை என்றால் டிரில்லின் திசையை மாற்றுங்கள்.

கேபிளைத் திரும்ப மாட்டுவது

உள்கம்பியின் கீழ் முக்கால்வாசிக்கு மெல்லிய கிரீஸ், மேல் ஒரு சாண் வெறுமையாக. கேபிளை எங்கேயும் ஒரு சாணுக்கும் குறுகிய வட்டமாக வளைக்காதீர்கள், சைலன்சரை உரசவும் விடாதீர்கள். நட்டைக் கையால் இறுக்கி, பிறகு கால் சுற்று. பின்பு கியர்பாக்ஸ் ஆயில் அளவைப் பாருங்கள்: பக்கவாட்டு பிளக் ஓட்டையின் கீழ் விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டு மீனாட்சிபுரத்திலிருந்து ஒரு நண்பர், டயர் அளவு மாற்றிய வண்டியில் மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று எப்படிப் பார்ப்பது எனக் கேட்டார். மீட்டர் முனையில் கேபிளைக் கழற்றி, உள்கம்பி நுனியில் காகிதக் கொடி ஒட்டுங்கள். வண்டியை நேராக 20 மீட்டர் தள்ளுங்கள். கேபினில் இருப்பவர் கொடி சுற்றுவதை எண்ண வேண்டும். 1000 சுற்று மீட்டருக்கு 20 வர வேண்டும். 18 வந்தால் மீட்டர் பத்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்டும். பல் எண்ணிக்கை மாறிய பினியன்தான் வழி.

அவர் அடுத்த வாரமே, "10 தான் வருதுங்க, பினியனே தப்பா?" என்று எழுதினார். விசாரித்தால், தள்ள ஆளில்லாமல் ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, 20 மீட்டருக்கு எத்தனை சுற்று என்று கணக்குப் போட்டுக் கையால் சுற்றியிருக்கிறார். ஒரு பக்கம் தரையில் நிற்க மறுபக்கம் மட்டும் சுற்றினால், பின் ஆக்சிலில் இருக்கும் டிஃபரன்ஷியல் பாதிச் சுற்றைத்தான் புரப்பெல்லர் ஷாஃப்டுக்குக் கொடுக்கும். அவருடைய 10 என்பது உண்மையில் 20. பினியன் சரியாகவே இருந்தது. வண்டியைத் தரையில் இறக்கி, பக்கத்து மஞ்சி மில்லிலிருந்து நான்கு பேரைக் கூப்பிட்டுத் தள்ளிப் பார்த்தார். 20-க்குச் சற்று முன்னால் கொடி நின்றதாம்.